சத்தத்தைத் தூரமாக்கும் மாத்திரை

ஊர்வலம் புளித் தெருவுக்குள் திரும்பியபோது மணி பதினொன்று இருக்கும். மாசி வெயில் பாதி ஏறியிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து கட்டையால் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். டொக், டொக், டொக். ஓடு உடைகிற சத்தம் வேறு, கொட்டை தெறிக்கிற சத்தம் வேறு. இரண்டும் சேர்ந்து கிளம்பினால் அந்தத் தெருவே தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொள்வதுபோல் இருக்கும்.

அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி வந்தது ஒரு பெண்ணின் குரல்.

"போதை என்பது புதைகுழி!"

பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமாகக் கத்தினார்கள்: "பாதை மாறு, அதுவே வழி!"

வரி என்னுடையது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கால் நூற்றாண்டாக வரிகளை உடைத்து உடைத்து எழுதிக்கொண்டிருப்பவளிடம், "மேடம், எதுகை இருந்தாத்தான் அட்டையில நிக்கும்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அடிபணிந்தேன். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவள் கவிதையும் எழுதுகிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் இப்படித்தான் ஆகும்.

தெரு முடிகிற இடத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரி. வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தேன். முன்வரிசையில் அட்டையைத் தூக்கிப் பிடித்து வந்த பெண் பிரின்சி. பதினொன்றாம் வகுப்பு. ரெட்டைச் சடை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவள்தான் உறுதிமொழி வாசித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. முடித்ததும் லேசாகத் தள்ளாடினாள். பிடித்து நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். காலைல சாப்புடல."

பக்கத்தில் நின்ற தோழி சிரித்தாள். "அவ எப்பவும் தூங்குமூஞ்சிதான் மேடம். கெமிஸ்ட்ரி கிளாஸ்ல கொறட்டையே வுடுவா."

"போடி!"

நானும் சிரித்தேன். அன்று மூன்று மணிக்கு பிரின்சி என் கவுண்டருக்கு வந்தாள். அம்மாவின் சீட்டை நீட்டினாள்.

"எங்கம்மாவுக்கு மாத்தர."

"இன்னைக்கி நல்லா சத்தம் போட்ட."

"உங்க வரி மேடம். சொல்லச் சொல்ல நல்லா வருது."

பத்து வலி மாத்திரைகள் கொடுத்தேன். மாத்திரை அட்டையை நடுவில் மடித்து, மடிப்பை நகத்தால் ஒரு முறை நீவிவிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த நகம் எனக்கு இன்னும் தெரிகிறது.

ஒரு முழ ஜன்னல்

அவள் பெயரையும் அவள் அப்பா, அம்மா பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சித்தேரி மலை தெரிகிற ஊர், புளி தட்டுகிற ஊர். எங்கள் பக்கம் அப்படி ஊர்கள் நிறைய.

நான் மொரப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. மருந்து அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாளெல்லாம் நடப்பேன். நடக்கும்போதுதான் வரிகள் வரும். வந்த வரிகளைப் பழைய மருந்துப் பெட்டி அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய், பாதியைக் கிழித்துப் போடுவேன்.

என் ஜன்னல் ஒரு முழ அகலம். அதன் வழியே முகம் தெரிவதற்கு முன் கை தெரியும். புளித் தெருக் கைகளை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நகக்கண்ணில் பழுப்பு, விரல் நுனியில் வெடிப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு புளித்த இனிப்பு வாசனை. அந்தக் கைகளில் வேறு சில நிறங்களும் இருக்கும். நீலம், ஊதா, வடியும்போது ஒரு மஞ்சள்.

அந்த நிறங்களுக்கும் எங்கள் ஆஸ்பத்திரி ஒரே காரணம் வைத்திருந்தது.

காரணம்: புளி

காயத்தோடு யார் வந்தாலும் எப்படி ஆயிற்று என்று நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் அடித்தது என்றால் அதற்குத் தனிப் பதிவேடு உண்டு, போலீசுக்குச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அது தெரியும். அதனால் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுவார்கள்.

"புளி தட்டுறப்ப கட்ட நழுவிடுச்சுங்க."

நர்ஸ் தலையாட்டுவாள். நோட்டில் "புளி" என்று விழும். இதை யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. புதிதாக வருகிற டாக்டர்கூட ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். குடும்ப மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம் என்று நாங்கள் நம்பினோம். அடிபட்டவளுக்கு நாங்கள் செய்கிற ஒத்தாசை அது.

ஐப்பசி மழையிலும் "புளி" விழுந்தது. ஐப்பசியில் புளி ஏது? மரத்தில் பச்சைக் காயாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போதும் எழுதினோம்.

பிரின்சியின் அம்மா சகாயம் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். முதலில் மணிக்கட்டு. அப்புறம் தோள். ஒரு தடவை தாடை. தாடையில் வைத்துப் புளி தட்டுகிறவர்கள் யாராவது உண்டா? அன்றும் நோட்டில் புளிதான். கணவன் லூர்து சென்டரிங் வேலைக்குப் போகிறவன். குடிக்காத நாளிலும் அடிப்பான் என்பது தெருவுக்கே தெரியும். பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான் என்பதும் தெரியும்.

தாடை வீங்கிய அன்று, அப்போதிருந்த வயதான டாக்டர் கொஞ்சம் கடுமையான வலி மாத்திரை எழுதினார். மூன்று நாளைக்கு. நான் உள்ளே போய்ப் பேசினேன்.

"சார், ஓ.பி. வரிசையில நின்னா அந்தம்மாவுக்கு அரை நாள் வேலை போகுது. பத்து நாளைக்கு எழுதிடுங்களேன்."

எழுதினார். பிறகு "அதே மருந்து" என்று சீட்டில் ஒரு வரி போட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் கவுண்டரில் சீட்டு வந்தால் போதும், ஆள் வர வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பிள்ளைகள்தான் வாங்கிப் போவார்கள். அந்தப் பழக்கத்திலேயே, கொடுக்கக் கூடாத இந்த மாத்திரையையும் கொடுத்தேன். டாக்டர் மாறிப் போனார். சீட்டு மாறவில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தேன், நல்லது செய்கிற நிம்மதியோடு.

பல்பம் தின்றவள்

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அப்பா அண்ணனை பெல்ட்டால் அடிப்பார். காரணம் கணக்கு மார்க்காக இருக்கலாம், ரேடியோ சத்தமாக இருக்கலாம், காரணமே இல்லாமலும் இருக்கலாம். என்னை ஒரு நாளும் தொட்டதில்லை. "பொண்ணு மேல கை வெக்க மாட்டேன்" என்பார், பெருமையாக.

அவர் பெல்ட்டைக் கழற்றும்போது நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்து பல்பம் தின்பேன். சிலேட்டுப் பல்பம். கடித்தால் தலைக்குள் ஒரு சத்தம் வரும். கரக், கரக். வெளியே கேட்கிற சத்தத்தை அது மூடிவிடும். ஒரு பெட்டி பல்பம் ஒரு வாரம் வரும். சில வாரங்களில் மூன்று நாள்தான் வரும்.

ரத்தம் குறைந்துவிட்டது என்று டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். விரலில் வேப்பெண்ணெய் தடவினார்கள். வகுப்பில் எழுப்பி நிறுத்தி "பல்பந்தின்னி" என்று பெயர் வைத்தார்கள். எப்போது தின்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் பதினைந்து வயதில் பீடியில் ஆரம்பித்து, கஞ்சாவுக்குப் போய், அங்கேயே கொஞ்ச காலம் இருந்தான். அடித்தவர் அப்பா. கெட்டுப்போனவன் என்று பெயர் வாங்கியது அண்ணன். அப்பாவைப் பற்றி ஊரில் கேட்டால் இன்றைக்கும் கண்டிப்பானவர் என்பார்கள்.

என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்ததை உறுதியாகச் சொல்வேன். அடி வாங்குகிற பிள்ளை மட்டுமல்ல, அடியைக் கேட்டுக்கொண்டே வளர்கிற பிள்ளையும் எதையாவது தேடும். கைக்கு எது எட்டுகிறதோ அது. எனக்கு அன்று எட்டியது பல்பம். பிரின்சிக்கு எட்டியது மாத்திரை. அவளுக்கு எட்டுகிற உயரத்தில் அதை வைத்தவள் நான்.

சகாயம் சொன்னது

பங்குனியில் ஒரு நாள் காய்ச்சலென்று சகாயமே வந்தாள். நெடுநாள் கழித்து அவள் கையை ஜன்னலில் பார்த்தேன்.

"வலி மாத்திரையும் சேத்துத் தரட்டுமா? பொண்ணு வாங்கிட்டுப் போனது தீந்திருக்குமே."

"எந்த மாத்தரைங்கக்கா?"

"அதான், உனக்குத் தாடை வீங்கினப்ப எழுதினது."

"அட, அதுவா! அத நான் போன கிறிஸ்மஸ்ஸுக்கு முன்னாலயே வுட்டுட்டனுங்க. தின்னா தல கிறுகிறுன்னு வருது. கட்டைய எங்க போடறம்னே தெரியல. அப்பறம் நெசமாவே கையில போட்டுக்கிட்டன்னா என்னா பண்றது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த "நெசமாவே"யை இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேரும் கேட்காததுபோல் இருந்தோம்.

காய்ச்சல் மாத்திரையை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிற என் கால்கள் நின்றுவிட்டன. கிறிஸ்மஸ் முடிந்து மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தில் பிரின்சி எத்தனை தடவை வந்தாள் என்று பதிவேட்டைப் புரட்டினேன். தை மாதம் இரண்டு தடவை. மாசியில் மூன்று. பங்குனியில் வாரம் தவறாமல். புளிப் பருவம் ஏற ஏற மாத்திரையும் ஏறியிருந்தது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. தூங்குமூஞ்சி என்று தோழி சிரித்ததும், அந்தத் தள்ளாட்டமும் மட்டும் புரிந்தன.

மூன்று நாள்

நான் உடனே யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை.

அந்த வருடம்தான் அதே பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒருவன் சட்டைப் பையில் உதட்டுக்குள் வைக்கிற பாக்குப் பொட்டலம், இன்னொருவன் பையில் கஞ்சா. பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து அனுப்பினார்கள். அதில் ஒருவனின் அம்மா எங்கள் நோட்டில் மூன்று இடத்தில் "புளி"யாக இருக்கிறாள். அதை நான் பிற்பாடுதான் தேடிப் பார்த்தேன்.

பிரின்சி விஷயம் வெளியே போனால் அவளுக்கும் டி.சி. தான். படிப்பு நிற்கும். லூர்து கை ஓங்க அவனுக்கு நல்லதொரு காரணமும் கிடைக்கும். சொல்லாமல் விட்டால், இன்னும் நான்கு மாதத்தில் அவள் எங்கே போய் நிற்பாள் என்று மருந்து கொடுக்கிறவளுக்குத் தெரியாதா?

இதையெல்லாம் நினைத்தேன். என் வேலை போய்விடும் என்பதையும் நினைத்தேன். அதைத்தான் முதலில் நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் புது டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சேலத்துப் பெண். என் மகள் வயது. நான் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் சொல்லாம விட்டுடலாம்னு நினைச்சீங்களா மேடம்?"

"நினைச்சன் டாக்டர். மூணு நாள் நினைச்சன்."

"சரி. உங்க தப்பை நீங்க எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பறேன். அந்தப் பொண்ணை என்கிட்ட விடுங்க. ஸ்கூலுக்கு ஒரு வார்த்தை போகாது. அவ என் பேஷன்ட்."

"இனிமே மாத்திரை கேட்டு வந்தா குடுக்காம அனுப்பிடறன்."

"அனுப்பாதீங்க. என்கிட்ட கூட்டிட்டு வாங்க. திடீர்னு நிறுத்தினா அவ தாங்க மாட்டா. கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்."

வெளியே வந்து என் தப்பை ஒரு முழுத்தாளில் எழுதினேன். அதில் ஒரு உவமைகூட இல்லை.

அவள் விரல் காட்டிய இடம்

சனிக்கிழமை காலை பிரின்சி சீட்டோடு வந்தாள். டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். உட்காரும்போதே கேட்டாள்.

"திட்டப் போறீங்களா?"

"இல்லம்மா," என்றார் டாக்டர். "அம்மா மாத்திரைய நீதான் போட்டுக்கற. அது தெரியும். எதுக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் சிலுவைக் கயிற்றை விரலில் சுற்றினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அம்மா வுட்டுட்டாங்க. மாதா படத்துக்குப் பின்னால கெடந்துச்சு. ஒரு நாள் ஒண்ணு போட்டுப் பாத்தன். சத்தம் தூரமாப் போயிடுச்சுங்க."

"என்ன சத்தம்?"

அவள் விரலை நீட்டி ஜன்னலைக் காட்டினாள். வெளியே புளித் தெரு. டொக், டொக், டொக்.

"புளி தட்டற சத்தமா?"

"எங்கப்பா அதாலதாங்க அடிப்பாரு. அந்தக் கட்டையாலயே."

அவள் மெதுவாக, எங்களுக்குப் பாடம் விளக்குகிறவள்போல் சொன்னாள்.

"அப்பா மாசத்துல ரெண்டு வாட்டிதான் அடிப்பாரு. ஆனா தெருவுல நாளெல்லாம் கேக்குதுங்க. காலைல எந்திரிச்சா கேக்குது, ஸ்கூல் வுட்டு வந்தா கேக்குது. ஒவ்வொரு வாட்டியும் எனக்கு இங்க தூக்கிப் போடும்." நெஞ்சைத் தொட்டாள். "ஒக்காந்து ஒரு பக்கம் படிக்க முடியாதுங்க. மாத்தர போட்டா, அது யாரோ வேற தெருவுல தட்டறாப்ல இருக்கும்."

அப்போதுதான் பதிவேட்டில் மாசியும் பங்குனியும் ஏன் கனத்திருந்தன என்று எனக்குப் புரிந்தது. ஊருக்கெல்லாம் பிழைப்பின் சத்தம். இருபது வருடமாகக் கேட்டு நான் கவிதை எழுதிய சத்தம். தெரு தன் நெஞ்சைத் தட்டிக்கொள்கிறது என்று மேலே எழுதினேனே, அந்தச் சத்தம். அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எவ்வளவு தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது தெரியட்டும்.

என்னால் இன்னொன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கி ஊர்வலத்துல முன்னால நின்னு போதை புதைகுழின்னு கத்தினியே பிரின்சி?"

அவள் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அது வேறங்க மேடம். அது கஞ்சா, அந்தப் பாக்கு, பசங்க போடறது. இது கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்தரதான? நீங்க குடுத்ததுதான?"

அதில் துளி குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சகாயம் கேட்டது

டாக்டர் சகாயத்தை வரச் சொன்னார். புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை.

"எம் பொண்ணா? இல்லீங்க டாக்டரம்மா. அவ நல்லாத் தூங்கறவ. வூடே இடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டா. அதனாலதான நான் அந்த மனுசன் அடிக்கறப்பகூட முந்தானைய வாயில வெச்சிக்கிட்டு, சத்தமே இல்லாம…"

நிறுத்தினாள். தான் சொல்லிவிட்டதை அப்போதுதான் கேட்டாள்.

பிரின்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் தூங்குலம்மா. கண்ண மூடிக்கிட்டு இருந்தன். நீ அழாம வாயப் பொத்திக்கறதால எனக்குக் கட்ட சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

அம்மா மகளுக்காகச் சத்தத்தை விழுங்கியிருக்கிறாள். மகள் அம்மாவுக்காகத் தூங்குவதுபோல் கிடந்திருக்கிறாள். ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருடம்.

சகாயம் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்த நோட்டுல எனக்கு என்னான்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

"புளின்னு."

"எல்லா வாட்டியுமா?"

"எல்லா வாட்டியும்."

"கட்ட நெசந்தானுங்க. புடிச்ச கைய மட்டும் மாத்திச் சொல்லிட்டன்." மேல்துணியைத் தோளிலிருந்து விலக்கினாள். நான்கைந்து நாளுக்குள் விழுந்த அடி, நடுவில் இன்னும் ஊதா. "இத எழுதுங்க. சரியா எழுதுங்க."

"போலீஸ் வருவாங்க சகாயம். யோசிச்சுக்க," என்றேன். சொன்ன மறுகணம் என்மேலேயே வெறுப்பாக இருந்தது. பழக்கம் எவ்வளவு சீக்கிரம் வாய்க்கு வந்துவிடுகிறது!

"யோசிச்சதெல்லாம் போதுங்கக்கா. நான் யோசிச்ச நேரத்துலதான் இவ மாத்தர தின்னுருக்கா."

டாக்டர் எழுதினார். அடித்தவர்: கணவர். அடித்த பொருள்: புளி தட்டும் கட்டை. எங்கள் ஆஸ்பத்திரி நோட்டில் "புளி" முதன்முறையாக உண்மையான இடத்தில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு

எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை.

லூர்துவை ஸ்டேஷனில் வைத்துப் பேசினார்கள். வெளியே வந்ததும் நேராக என் ஜன்னலுக்கு வந்து, "வூட்டு விசயத்துல ஆஸ்பத்திரிக்காரிக்கு என்னாடி வேல?" என்று கேட்டான். "மருந்து குடுக்கற வேலை" என்றேன். வழக்கு நடக்கிறது. அவன் பெங்களூருப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். நடுவில் இரண்டு பெரிய மனிதர்கள் சமாதானம் பேச வந்தார்கள். சகாயம் தட்டுவதை நிறுத்தாமலே பதில் சொல்லி அனுப்பினாளாம்.

பிரின்சிக்கு அந்த வெயில்காலம் கொடுமையாகப் போனது. வியர்த்துக் கொட்டும், காலெல்லாம் குடையும், மூக்கு ஒழுகும், சோறு இறங்காது. வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"முடியாது பிரின்சி."

"அப்ப மட்டும் குடுத்தீங்க இல்ல? கேக்காமயே குடுத்தீங்க இல்ல?"

"ஆமா. குடுத்தன். தப்பு என்னுது. உள்ள டாக்டர் இருக்காங்க, வா போலாம்."

சீட்டைக் கசக்கி என் மேசைமேல் எறிந்தாள். எறிந்துவிட்டு உள்ளே போனாள். போனாள் என்பதுதான் முக்கியம்.

எனக்கு மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். என் எழுத்துக்கு இதுவரை வந்த விமர்சனங்களில் அதுவே நேர்மையானது. இப்போது எங்கள் கவுண்டரில் அந்த வகை மாத்திரை ஆள் வராமல் போகாது. காயத்தோடு வருகிற பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "வீட்ல பிள்ளைங்க எத்தனை பேர்? அவங்க எப்படித் தூங்கறாங்க?" என்று டாக்டர் கேட்கிறார். அடியைப் பற்றிக் கேட்டால் புளி என்று சொல்கிறவர்கள், பிள்ளையின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் உடைந்துவிடுகிறார்கள்.

டி.சி. வாங்கிப் போன அந்தப் பையனின் அம்மாவிடமும் அதே கேள்வி போனது. அவனைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தலைமையாசிரியையிடம் மூன்று தடவை நடந்தேன். நடப்பதுதான் எனக்கு வருமே. மூன்றாம் தடவை ஒப்புக்கொண்டார். இன்னொரு பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த மாசியில்

மறுபடியும் ஊர்வலம் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் வேண்டுமா என்று தலைமையாசிரியைக்கே தயக்கம். நான் புது வரி எழுத அட்டை தேடிக்கொண்டிருந்தபோது பிரின்சி வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"மேடம், இந்த வாட்டி நானே எழுதிக்கறன்."

"ஏன், என் வரிக்கு என்ன?"

"கோச்சிக்காதீங்க. அது சத்தமா இருக்குது. உள்ள ஒண்ணும் இல்ல."

எச்சரிக்கைக் கடிதத்துக்கு அடுத்தபடி இதைத்தான் வைக்க வேண்டும்.

அவள் எழுதியதைப் பார்த்துத் தலைமையாசிரியை நெற்றியைச் சுருக்கினார். "இது ஸ்லோகனா? கேள்வியில்ல கேக்கறா? எதுகைகூட இல்லியே மேடம்."

"இல்லீங்க மேடம். அதனாலதான் நல்லா இருக்கு," என்றேன்.

பதினொரு மணிக்கு ஊர்வலம் புளித் தெருவுக்குள் திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன், அதே கோட்டில். டொக், டொக், டொக். முன்வரிசையில் பிரின்சி. அவள் தூக்கிப் பிடித்த அட்டையில் பெரிய எழுத்தில் ஒரே வரி:

"உங்க வூட்ல என்ன சத்தம் கேக்குது?"

அவள் கத்தவில்லை. பின்னால் வந்த பிள்ளைகளுக்குத் திருப்பிக் கத்த ஒன்றும் இல்லை. அதனால் அவர்களும் பேசாமல் நடந்தார்கள். தெரு முனையில் ஒரு பெண் நிமிர்ந்து அட்டையைப் படித்தாள். அவள் கட்டை நின்றது. எதிர் வீட்டில் ஒன்று நின்றது. படிக்கத் தெரியாத ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் என்னவென்று கேட்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் கட்டையும் நின்றது. அட்டை கடக்கக் கடக்க இரண்டு வரிசையிலும் கட்டைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டே வந்தன. என் இருபது வருடத்தில் மாசி மாதத்துப் பகலில் அந்தத் தெருவில் நான் கேட்டிராத அமைதி.

ஒரே ஒரு கட்டை மட்டும் நிற்கவில்லை. தெருக்கோடியில் சகாயம், யார் வருகிறார்கள் என்று தெரிந்தும் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டை இப்போது அவள் கையில் மட்டும்தான் இருக்கிறது.

மொத்தத் தெருவும் அடங்கிப்போனதால் அந்த ஒன்று துல்லியமாகக் கேட்டது. டொக்.

பிரின்சியின் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது. அட்டை ஆடியது. நான் வாசலிலிருந்து ஓரடி எடுத்து வைத்துவிட்டேன்.

அவள் அட்டையை இறக்கவில்லை. ஒரு மூச்சு விட்டு, அந்தச் சத்தத்தைப் பார்த்தே நடந்து வந்தாள்.

டொக்.